இந்த ஸ்டேஜ் முடியட்டும்

போன் வந்தால் ஓடிப்போய்ச் சொல்வதில் என்னை மிஞ்ச இரும்புலியூரில் ஆள் கிடையாது. தெருவில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். டீ ஆறுகிறது, குடியுங்கள் தம்பி. பக்கத்துக் கடைக்காரர் இஞ்சியைக் கொஞ்சம் தூக்கலாகத்தான் தட்டிப் போடுவார். குழந்தை உங்கள் தோளிலேயே தூங்கட்டும், எழுப்ப வேண்டாம். மேல்விசாரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறது, பாவம். நீங்கள் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "எங்க மச்சான் ஏன் வரவே இல்ல?" ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அப்படிச் சொன்னால் என்னைப் பற்றித் தப்பாக நினைத்துக்கொள்வீர்கள். அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். கொஞ்சம் குரலைத் தணித்துப் பேசுவோம். இந்த பிளைவுட் தடுப்புக்கு அந்தப் பக்கம்தான் உங்கள் மச்சான் முஸ்தபா வீடியோ கேம் ஆடிக்கொண்டிருக்கிறான்.

உட்காருங்கள் தம்பி. அவன் எங்கேயும் ஓடிவிட மாட்டான். அவன் இன்னொரு கல்யாணம் செய்துகொள்ளவும் இல்லை. அதையும் சொல்கிறேன்.

என் பெயர் பொன்னுரங்கம். வெளியே போர்டில் இருக்கிற தாயாரம்மாள் என் அம்மா. ஜி.எஸ்.டி. ரோடு ஓரத்தில் எங்களுக்கு இருந்த வயல் மனையாகி, மனை கடையாகி, அண்ணன்மார் பிரித்துக்கொண்டது போக எனக்கு மிஞ்சியது இந்த ஒரு கடை. முன்னால் எஸ்.டி.டி. பூத், பின்னால் வீடியோ கேம். கல்யாணத்துக்குப் பெண் பார்த்தார்கள். ஏதோ காரணத்தால் தட்டிப்போயிற்று. பிறகு தட்டிப்போவதே வழக்கமாகிவிட்டது. அம்மா போன பிறகு பார்ப்பதற்கும் ஆளில்லை.

எங்கள் தெருவில் போன் உள்ள வீடு குறைவு. இணைப்புக்கு எழுதிப் போட்டுவிட்டு வருஷக்கணக்கில் காத்துக் கிடப்பார்கள். அதுவரைக்கும் சொந்தபந்தத்துக்கெல்லாம் என் நம்பரைக் கொடுத்து, பக்கத்தில் பி.பி. என்று போட்டுக்கொள்வார்கள். அழைப்பு வந்தால் நான் ஓட வேண்டும். கிளியம்மாளுக்குப் பேரன் பிறந்த சேதி என் வாயால் போனதுதான். பச்சையம்மாவின் வீட்டுக்காரர் மறைமலை நகர் பக்கம் லாரியில் அடிபட்டதும் நான் சொன்னதுதான். எப்படிச் சொல்வது என்று ஒரு முறை இருக்கிறது. செத்துவிட்டார் என்று எவனும் போனில் சொல்ல மாட்டான். "சீரியஸ், உடனே கிளம்பி வாங்க" என்பான். நானும் அதையேதான் போய்ச் சொல்வேன். கேட்கிற வீட்டில் பெரியவர்களுக்குப் புரிந்துவிடும். புரிந்தும் புரியாதது போலப் பஸ் ஏறுவார்கள்.

முஸ்தபா முதலில் வந்தது ஃப்ரிட்ஜ் ரிப்பேருக்கு. என் கடை கூல்டிரிங்ஸ் பெட்டி மக்கர் பண்ணியது. அதற்குப் பின்னால் படுத்து கேஸ் அடித்துக்கொண்டிருந்தவன் திடீரென்று தலையைத் தூக்கினான்.

"இன்னாண்ணே, உள்ள யார்னா மூச்சு வாங்குறாங்களா?"

உள்ளே டிவியில் அந்த ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. பர்மா பஜாரில் அட்டைகூட இல்லாமல் பிளாஸ்டிக் உறையில் வாங்கிய சிடி. எல்லாம் ஜப்பான் எழுத்து. பையன்கள் கிரிக்கெட்டும் குத்துச்சண்டையும்தான் ஆடுவார்கள். இதைப் போட்டால் பயந்துகொண்டு எழுந்து போய்விடுவார்கள். நட்சத்திரங்களுக்கு நடுவே ஒரு கப்பல். அதில் இருந்த அத்தனை பேரும் செத்துக் கிடக்கிறார்கள். ஒருத்தன் மட்டும் மிச்சம். தலையில் குண்டு பல்பு மாதிரி கண்ணாடிக் கவசம், முதுகில் சிலிண்டர். அவன் விடுகிற மூச்சுதான் ஆட்டம் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருக்கும். சிலிண்டர் காலியாக ஆக மூச்சு இரைக்க ஆரம்பிக்கும். அதற்குள் அடுத்த சிலிண்டரைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

"இங்கயும் சிலிண்டர் தூக்குற வேலதானா?" என்று சொல்லிக்கொண்டே முஸ்தபா உட்கார்ந்தான். அன்றைக்கு என் கூல்டிரிங்ஸ் எல்லாம் வெந்நீராகியும் அவன் எழுந்திருக்கவில்லை.

கதை எங்கள் இருவருக்கும் தெரியாது. எழுத்துத் தெரிந்தால்தானே. நாங்களாகவே பெயர் வைத்துக்கொண்டோம். கவசம் போட்டவன் நம்மாளு. கப்பலுக்குள் ஊர்ந்து திரிகிற அந்த ஜந்துவுக்குப் பெரியவர் என்று பெயர். மரியாதை கொடுத்தாலாவது விட்டுவைக்கும் என்று முஸ்தபாதான் வைத்தான். "பெரியவர் வராருண்ணே, எந்திரிச்சி நில்லு" என்பான். பெரியவருக்குக் கண் கிடையாது, சத்தத்தை வைத்துத்தான் வருவார். நாமும் அவரைச் சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். டிவி ஸ்பீக்கர் போதாதென்று முஸ்தபா பழைய டேப் ரிக்கார்டரிலிருந்து இரண்டு பெட்டியைக் கழற்றி இடது பக்கம் ஒன்றும் வலது பக்கம் ஒன்றுமாக மாட்டினான். நடுவில் நான் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பேன். சுரண்டுகிற சத்தம் வந்ததும் "ரைட்டு", "லெஃப்ட்டு", "பின்னால" என்று சொல்வேன். நான் சொன்ன பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் நம்மாளு ஓடுவான். ஒரு நாளும் முஸ்தபா என்னைத் திரும்பிப் பார்த்து, நிஜமாகத்தானா என்று கேட்டதில்லை. அவனுக்கு நான்தான் காது. இந்த வயதுவரை என் வார்த்தையை அப்படி நம்பினவர்கள் யாருமில்லை, தம்பி.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். கப்பலின் கடைசிப் பகுதியில் ஒரு பெரிய கதவு. தப்பிக்கிற படகு அதற்குப் பின்னால்தான் இருக்கிறது. கதவுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு போன். நாம் அங்கே போனதும் அது அடிக்கும். முதல் தடவை எடுத்தோம். எடுத்த கையோடு பெரியவர் பின்னால் வந்து முடித்துவிட்டார். அதிலிருந்து அது பொறி என்று தீர்மானம் செய்துவிட்டோம். போன் அடித்தால் எடுக்கக் கூடாது. அது அடித்துக்கொண்டே இருக்கும், நாங்கள் வேறு வழி இருக்கிறதா என்று மூலைமுடுக்கெல்லாம் தேடிக்கொண்டே இருப்போம். மாதக்கணக்கில் அந்தக் கதவு திறக்கவில்லை.

உங்கள் அக்கா குல்ஷன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. இதை நீங்கள் நம்ப வேண்டும். பெருநாளைக்கு டிபன் கேரியரில் பிரியாணி கொடுத்து அனுப்பும்போது எனக்கென்று தனியாக ஒரு அடுக்கு இருக்கும். என்னை அண்ணா என்றுதான் கூப்பிடும். ஏழாம் மாதத்தில் உங்கள் வீட்டார் வந்து தலைப்பிரசவத்துக்கு அழைத்துப் போனார்களே, அன்றைக்கு இந்த வாசலில் நின்று சொல்லிற்று. "அவர பாத்துக்கங்க அண்ணா. வேளாவேளைக்குச் சாப்பிட மாட்டாரு."

நான் பார்த்துக்கொண்டேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றவில்லை என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது. வேலை முடிந்து நேரே இங்கே வருவான். பரோட்டா வாங்கி வைத்திருப்பேன். சாப்பிட்டு முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு ஆட உட்காருவோம். அந்த மாதங்களை நான் எப்படிச் சொல்வது? கடையைத் திறக்கும்போதே சாயங்காலம் வரப்போகிறது என்று மனசுக்குள் ஒரு குதூகலம். அவனை எனக்குப் பிடித்திருந்தது. அதற்கு மேல் அந்த வார்த்தையை நோண்ட வேண்டாம், நானும் நோண்டியதில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்த பிற்பாடு உங்கள் அக்கா போன் செய்யும். ஓடிப்போய்க் கூப்பிடுவேன், அவனும் தலைதெறிக்க வருவான். ஒரு வெள்ளிக்கிழமை நல்ல மழை. அவன் வேலைக்குப் போகாமல் இங்கேயே ஆடிக்கொண்டிருந்தான். நம்மாளுக்குச் சிலிண்டர் தீரப்போகிற நேரம். போன் வந்தது. "வெளிய போயிருக்காரும்மா" என்று சொல்லிவிட்டேன். பிறகு அவனிடம், "குல்ஷன் பேசிச்சு, நல்லா கீதாம், அப்பால பேசுறேன்னிச்சு" என்றேன். யாருக்கு என்ன நஷ்டம்? உங்கள் அக்கா நன்றாகத்தான் இருந்தது. அடுத்த வாரமும் அப்படியே. அதற்கடுத்த வாரம் எனக்கே அது பழகிவிட்டது.

அப்புறம் அந்த ஞாயிற்றுக்கிழமை. பையன்களை அனுப்பிவிட்டு நாங்கள் இருவர் மட்டும் உட்கார்ந்திருந்தோம். ஜாய்ஸ்டிக்கைக் கையில் எடுத்தவன் முகத்தைத் திருப்பாமலே சொன்னான்.

"கொயந்த பொறந்ததும் அங்கயே போயி கடை போட்டுக்கலாம்னு கீறேண்ணே. மாமனார் எடம் பாத்து வச்சிகீறாரு. போறதுக்கு முன்னாடி இத முட்ச்சிட்டுப் போய்டணும்."

நல்லது என்றேன். சந்தோஷம் என்றுகூடச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைக் கவனித்தேன். வலது பெட்டியில் சுரண்டுகிற சத்தம் வந்தது. "ரைட்டு" என்றேன். அவன் இடப்பக்கம் ஓடினான். அப்போதுதான் வெளியே போன் அடித்தது.

பேசியது நீங்கள்தான். அந்தக் குரலை இன்றைக்குத்தான் ஒரு முகத்தோடு சேர்த்துப் பார்க்கிறேன். "அக்காவ வேலூருக்கு எடுத்துனு போறோம், சீரியஸா கீது, மச்சான உடனே கெளம்பச் சொல்லுங்க" என்றீர்கள். சரி, சொல்கிறேன் என்றேன். சீரியஸ் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? எத்தனை வீட்டுக்கு நானே அந்த வார்த்தையைச் சுமந்து போயிருக்கிறேன். முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். முடிந்துபோன ஒன்றுக்கு அரை மணி முன்னே போனால் என்ன, பின்னே போனால் என்ன? உள்ளே நம்மாளு கடைசிக் கதவுக்கு மிக அருகில் இருந்தான். இந்த ஸ்டேஜ் முடியட்டும், சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

"யார்ணே?" என்றான்.

"ராங் நம்பர்ப்பா."

என்னை அப்படிப் பார்க்காதீர்கள். முடிந்துவிட்டது என்று நினைத்துச் செய்தேன் என்று சொன்னேன் அல்லவா? அது ஒரு மணி நேரத்துக்கு மட்டும்தான் உண்மை. அதற்கப்புறம் இன்னொரு போன் வந்தது. அது உங்களுக்குத் தெரியாது. நீங்கள் ரத்தத்துக்கு அலைந்துகொண்டிருந்திருப்பீர்கள்.

அது உங்கள் அக்காவே பேசியது. யாரோ ஆயாம்மா ரிசீவரைப் பிடித்துக்கொண்டிருந்திருக்க வேண்டும், குரல் கிட்டே வந்து கிட்டே வந்து தள்ளிப்போயிற்று. நான் போனோடு கண்ணாடிக் கூண்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

"அண்ணா, அவர்ட்ட ஒரு வார்த்த பேசணும். ஆபரேஷனுக்கு உள்ள எடுத்துட்டுப் போறாங்க."

தடுப்பின் இடுக்கு வழியே முஸ்தபாவின் முதுகு தெரிந்தது. எட்டி ஒரு குரல் கொடுத்தால் போதும். அப்படிக் கூப்பிட்டால், முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்பான். பஸ் ஏறிவிடுவான். போனால் திரும்பி வர மாட்டான், அங்கேயே கடை போட்டுவிடுவான். அவ்வளவையும் ஒரு நொடியில் யோசித்தேன் என்று சொன்னால் நம்புவீர்களா? நிதானமாகத்தான் யோசித்தேன். பிறகு சொன்னேன்.

"அவரு கெளம்பிட்டாரும்மா. சேதி வந்ததுமே பஸ் ஏறிட்டாரு. இன்னேரம் காஞ்சிபுரம் தாண்டியிருப்பாரு."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. "அல்ஹம்துலில்லாஹ்" என்றது. "அப்ப வந்துருவாரு" என்றது. அதற்கப்புறம் போனை வைத்துவிட்டார்கள். நன்றாக யோசித்துப் பாருங்கள் தம்பி. அவன் உள்ளே ஆடிக்கொண்டிருக்கிறான் என்று சொல்லியிருந்தால் அந்தப் பெண்ணின் மனசு என்ன பாடுபட்டிருக்கும்? நான் சொன்னதால்தான் நிம்மதியாகப் போயிற்று. புருஷன் வந்துகொண்டிருக்கிறான் என்று வாசலைப் பார்த்தபடியே போயிற்று. அதை நான் கொடுத்தேன்.

சாயங்காலம் மறுபடியும் நீங்கள். அழுதுகொண்டே பேசினீர்கள். "அக்கா மௌத்தாயிட்டாங்க. பொட்டப்புள்ள. நாளைக்கு லுஹருக்கப்புறம் அடக்கம். மச்சான் எங்க வந்துனுகீறாரு?" வந்துவிடுவார் என்றேன். ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்கள். இரண்டு சேதியை ஆறவிட்ட பிறகு மூன்றாவதை எப்படிச் சூடாகக் கொண்டுபோய்க் கொடுப்பது? திங்கட்கிழமை அவன் வேலைக்குப் போனான். மதியம் அடக்கம் ஆகியிருக்கும் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேன். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. அந்த அளவுக்கு எனக்கும் மனசு இருக்கிறது.

செவ்வாய்க்கிழமைதான் சொன்னேன். ஓடிப்போய்த்தான் சொன்னேன், எப்போதும் போல. "இப்பதான் போன் வந்துச்சுப்பா. குல்ஷனுக்கு சீரியஸாம், உடனே கெளம்பு." போட்டிருந்த அழுக்குச் சட்டையோடு ஓடினான். வழியெல்லாம் உயிரோடுதான் இருக்கிறாள் என்று நம்பி, துவா கேட்டுக்கொண்டே போனானாம். அப்புறம் அவன்தான் சொன்னான்.

உங்கள் வீட்டு வாசலில் நடந்தது உங்களுக்குத் தெரியும். முகம் பார்க்க வராதவன் இப்போது எதற்கு வந்தாய் என்று உங்கள் அத்தா கேட்டார். குழந்தை வேலூரிலேயே கண்ணாடிப் பெட்டியில் இருந்தது. எந்த ஆஸ்பத்திரி என்றுகூட அவர் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமையே கடைக்காரரிடம் சொன்னோமே என்று நீங்கள் கத்தியிருக்கிறீர்கள். திரும்பி வந்தவன் இந்த பெஞ்சில்தான் உட்கார்ந்தான், இப்போது நீங்கள் உட்கார்ந்திருக்கிற அதே இடத்தில்.

"பொய் சொல்றாங்கண்ணே. ஞாயித்துக்கெயம பூரா நான் உன் கூடத்தானே இருந்தேன். போன் வந்திருந்தா நீ சொல்லியிருக்க மாட்டியா?"

அவ்வளவுதான் கேட்டான். கேள்வியாகக்கூடக் கேட்கவில்லை. நீங்கள் சத்தியம் செய்து சொன்னதை அவன் நம்பவில்லை, நான் வாயையே திறக்காததை நம்பினான். அழுதான். என் தோளில் சாய்ந்து அழுதான். அவன் தலையைத் தடவிக் கொடுத்தேன். அந்த நேரத்தில் என் மனசில் என்ன இருந்தது என்று மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நனைந்தவனுக்கு முக்காடு எதற்கு? இனிமேல் இவன் எங்கேயும் போக மாட்டான் என்று ஒரு நிம்மதி இருந்தது.

அதற்குப் பிறகு நீங்கள் பேசியதெல்லாம் உங்களுக்கே ஞாபகம் இருக்கும். குழந்தையை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம், நூர் என்று பேர் வைக்கிறோம், மச்சானை வரச் சொல்லுங்கள் என்றீர்கள். நல்ல மனசு உங்களுக்கு, கோபத்தை விழுங்கிக்கொண்டு பேசினீர்கள். "சொன்னேன் தம்பி. வர மாட்டேன்னுட்டாரு" என்றேன். குழந்தை தவழ்கிறது என்று ஒரு தடவை பேசினீர்கள். பின்னால் குழந்தையின் சத்தம் கேட்டது. போனில் அது ஏதோ உளறியது, நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். அன்றைக்குத்தான் அவருக்கு வேறு பெண் பார்க்கிறார்கள் என்று சொன்னேன். அதற்கப்புறம் நீங்கள் போன் செய்யவில்லை. நான் எதிர்பார்த்ததும் அதைத்தான்.

இந்தப் பக்கம் அவன் தினமும் வேலை முடிந்து வாசலில் கால் வைத்ததும் கேட்பான். "போன் வந்துச்சாண்ணே?" இல்லை என்பேன். "கொயந்த விஷயம், என்னிக்கினாலும் கூப்டுவாங்க" என்று அவனே சொல்லிக்கொள்வான். நானே நேரே போய்ப் பார்க்கிறேன் என்று ஒரு தடவை கிளம்பினான். "அவங்களா கூப்டாத வாசலுக்கு எதுக்குப்பா போற, மறுபடியும் அவமானப்படவா?" என்று தடுத்தேன். நியாயமாகப் பட்டது அவனுக்கு. ஆபத்து என்று நான் சொன்ன பக்கத்துக்கு எதிர்ப்பக்கம்தானே அவன் எப்போதும் ஓடுவான்.

ரம்ஜானுக்கு ஒரு கவுன் வாங்கி வந்தான். மஞ்சள் நிறம், கழுத்தில் சின்ன ரோஜாப் பூ. குழந்தை எவ்வளவு வளர்ந்திருக்கும் என்று கடையில் கையை விரித்துக் காட்டி வாங்கினானாம். பார்சலில் அனுப்பச் சொல்லி என்னிடம் கொடுத்தான். கொஞ்ச நாள் அலமாரியில் வைத்திருந்துவிட்டு, அவர்கள் வாங்காமல் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று அவனிடமே கொடுத்துவிட்டேன். அவன் டிவிக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டிவிட்டான். இன்னும் அங்கேதான் தொங்குகிறது. உங்கள் தோளில் தூங்குகிற குழந்தைக்கு இப்போது அது பத்தாது.

மறுபடி ஆட ஆரம்பித்தான். இப்போது சிரிப்பு கிடையாது, பெரியவரைக் கிண்டல் பண்ணுவது கிடையாது. நான் பக்கத்தில் கண்ணை மூடி உட்கார்ந்து சத்தம் சொல்வேன். ஒரு நாள் கடைசிக் கதவுக்குப் போனோம். போன் அடித்தது. எப்போதும் போல அவன் திரும்பிப் போவான் என்று பார்த்தேன். போகவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே நின்று கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு நம்மாளை நடத்திப் போய் அந்தப் போனை எடுக்கவைத்தான்.

ஒரு பெண்ணின் குரல். ஜப்பான் பாஷையில் மெதுவாக, அழுதுகொண்டே, ஆனால் தைரியம் சொல்வது மாதிரி பேசியது. நம்மாளின் பெண்டாட்டியாக இருக்கும். அது பேசி முடித்ததும் அத்தனை மாதமாகத் திறக்காத கதவு தானாகத் திறந்தது. பெரியவர் வரவில்லை. முதல் தடவை வந்தது தற்செயல். அது பொறியே இல்லை.

முஸ்தபா ஜாய்ஸ்டிக்கைத் தரையில் வைத்துவிட்டான்.

"போன் அட்ச்சா எடுக்கணும்ணே. அவ்ளோதான் ஆட்டமே. இத்தினி நாளா நாம தப்பா ஆடிகினு இருந்தோம்."

தெரிந்துதான் சொல்கிறானோ என்று முகத்தைப் பார்த்தேன். தெரியாது. அவன் கண்ணில் நீர் கட்டியிருந்தது.

"குல்ஷன் மாதிரியே பேசுது இல்ல?" என்றான்.

கதவு திறந்த பிறகும் அவன் படகில் ஏறித் தப்பித்துப் போவதில்லை, தம்பி. அந்தக் குரலைக் கேட்டு முடித்ததும் ஆட்டத்தை அணைத்துவிடுவான். மறுநாள் வந்து மறுபடி அங்கே போவான். கப்பல் முழுக்க நடந்து, சிலிண்டர் தேடி, பெரியவரிடம் தப்பித்து, அந்தப் போன் வரைக்கும். தினமும் இதுதான். புரியாத பாஷையில் அவள் என்ன சொல்கிறாள் என்று அவனுக்கு ஒரு அர்த்தம் இருக்கிறது. என்னிடம்கூடச் சொன்னதில்லை.

அவ்வளவுதான். உங்கள் மச்சான் ஏன் வரவில்லை என்று கேட்டீர்கள். நீங்கள் கூப்பிட்டதே அவனுக்குத் தெரியாது. உங்கள் அக்கா கூப்பிட்டதும் தெரியாது. நான் சொல்லவில்லை. மறந்துபோய்ச் சொல்லாமல் விடவில்லை, ஒவ்வொரு தடவையும் தெரிந்துதான் சொல்லவில்லை. நீங்கள் போலீசுக்குப் போவதானாலும் சரி, தெருவைக் கூட்டுவதானாலும் சரி, நான் மறுக்க மாட்டேன். என்னைவிட அவனை நல்லபடி பார்த்துக்கொண்டவர்கள் யாருமில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இதோ, கேட்கிறதா? உள்ளே போன் அடிக்கிறது. கடைசிக் கதவுக்கு வந்துவிட்டான். முதல் மணியிலேயே எடுத்துவிடுவான், பாருங்கள்.

இன்றைக்கு என்னவோ அடித்துக்கொண்டே இருக்கிறது. பெரியவர் பக்கத்தில் எங்காவது இருப்பார், அதனால்தான் எடுக்காமல் நிற்கிறான். குழந்தை விழித்துக்கொண்டதா? அழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எழுந்திருக்காதீர்கள் தம்பி, அவன் ஆடும்போது வெளியே பேசுவது எதுவும் அவனுக்குக் கேட்காது. அவனுக்கு நான்தானே காது. இந்த ஸ்டேஜ் முடியட்டும், நானே கூப்பிட்டுச் சொல்கிறேன்.